வாசகர் கேள்வி – பதில்: "அந்தக் கூட்டத்துக்கு எப்படிப் போறது?"

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, பேச்சோடு பேச்சாக "பக்கத்தில் ஏஏ கூட்டம் எங்கே நடக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள்" என்று ஒரு வரியைப் போட்டுவிட்டுப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதம். எங்கே விசாரிக்கிறது, யாரைக் கேட்கிறது, போனால் என்ன செய்வார்கள், காசு எவ்வளவு, கையெழுத்து வாங்குவார்களா என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். எழுதினவன் ஒழுங்காக எழுதியிருக்க வேண்டும். இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வழக்கமாக இங்கே என் பெயர் இருக்கும், இன்று இருக்காது. ஏஏ என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்களும் விட்டவர்களும் ஒன்றாகக் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. அங்கே பத்திரிகை, வானொலி, சினிமா எதிலும் உறுப்பினர் தன் பெயரைப் போட்டுக்கொள்வதில்லை என்று ஒரு மரபு உண்டு. நானும் அந்தக் கூட்டத்து ஆள்தான், பன்னிரண்டு வருடமாக. உங்கள் பெயர்களையும் எடுத்துவிட்டேன், பெங்களூரில் எந்தப் பேட்டை என்பதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் ஐயப்பனுக்கு மாலை போடுவார். அந்த 48 நாளும் ஒரு சொட்டு தொட மாட்டார். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றின அன்றைக்கே எம்ஆர்பி மதுக்கடை வாசலில் நிற்பார். 48 நாள் இருக்க முடிகிறதென்றால் இது நோயா, திமிரா? இவருக்கு எதற்குக் கூட்டம்?
— ஆஸ்டின் டவுன் வாசகி

அம்மா, நான் ஏழு வருடம் மாலை போட்டவன். ஏழு வருடமும் இதே கதைதான், கடை மட்டும் வேறு. என் மனைவியும் இதே கேள்வியை இதைவிடக் காரமாகக் கேட்டிருக்கிறாள்.

அந்த 48 நாளில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளியல். கறுப்பு வேட்டி. தெருவில் போனால் சின்னப் பையன்கூட "சாமி" என்று கூப்பிடுகிறான். சாயங்காலமானால் பஜனை, அதே பத்துப் பதினைந்து முகங்கள், ஒருவர் வரவில்லை என்றால் இன்னொருவர் வீட்டுக்கே தேடிப் போகிறார். கறுப்பு வேட்டியோடு கடை வாசலில் நின்றால் கடைக்காரரே "சாமி, போங்க" என்று அனுப்பிவிடுவார். வீட்டில் நீங்கள் தனிப் பாத்திரத்தில் சமைக்கிறீர்கள். அவர் மனசு மட்டும் தனியாக நின்று ஜெயித்ததல்ல அது. சுற்றி இருபது பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாலையைக் கழற்றும்போது மாலை மட்டுமா போகிறது? அந்த இருபது பேரும், குளியலும், பஜனையும், "சாமி" என்ற கூப்பாடும் எல்லாம் ஒரே நாளில் போய்விடுகிறது. மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் என்ன செய்வார் சொல்லுங்கள்.

குடிநோயில் நிறுத்துவது அவ்வளவு பெரிய காரியம் இல்லை. நான் நூறு தடவை நிறுத்தியிருக்கிறேன். நிறுத்தினது நிறுத்தினபடி இருப்பதுதான் வரவில்லை. கூட்டம் செய்கிற வேலை அதுதான், பஜனைக்குப் பதில் பேச்சு, கறுப்பு வேட்டி கிடையாது, 48வது நாள் என்று ஒன்றும் கிடையாது. கடைசி நாள் தெரிந்தால் மனசு அதை எண்ணிக்கொண்டே இருக்கும் (எனக்கு 45வது நாளிலேயே நாக்கில் ருசி வந்துவிடும்), அதனால் அங்கே "இன்றைக்கு மட்டும்" என்பதற்கு மேல் யாரும் கணக்குச் சொல்வதில்லை. அவரிடம் திமிரா நோயா என்ற வழக்கை நடத்தாதீர்கள். அடுத்த முறை மாலை கழற்றுவதற்கு ஒரு வாரம் முன்னால், அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், "பஜனைக்குப் போகிற மாதிரி இதுக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்க" என்று சொல்லிப் பாருங்கள். தெளிவாக இருக்கும்போது சொல்வதும், குடித்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது சொல்வதும் ஒன்றல்ல.

அப்பா காலையில் எழுந்ததும் ஆரம்பித்துவிடுவார். போன மாதம் அவராகவே நிறுத்தினார். இரண்டாம் நாள் கை நடுங்கி, வேர்த்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று துடைக்க ஆரம்பித்தார். பயந்துபோய் நாங்களே ஒரு நைன்ட்டி (90 மில்லி சரக்கு) வாங்கிக் கொடுத்தோம். இந்த நிலையில் கூட்டத்துக்குக் கூட்டிப் போகலாமா?
— லிங்கராஜபுரம் வாசகர், வயது 22

தம்பி, முதலில் ஆஸ்பத்திரி, கூட்டம் அப்புறம். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

காலையிலேயே குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு சும்மா இருக்காது. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கம் வரலாம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் இல்லாத பூச்சியும் ஆளும் தெரிவது, இடம் நேரம் குழம்புவது, காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு எல்லாம் வரலாம். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். "குடித்துச் செத்தான்" என்று ஊர் சொல்லும் சில பேர் உண்மையில் நிறுத்தியதில் செத்தவர்கள். நீங்கள் பயந்துபோய் நைன்ட்டி வாங்கிக் கொடுத்ததற்குக் குற்றவுணர்ச்சி வேண்டாம், ஆனால் அதையே வழியாக்கிக்கொள்ளவும் கூடாது.

நிறுத்துவதற்கு முன்னாலேயே கூட்டிப் போங்கள். நம் ஊரில் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே போதை மருத்துவத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பெரிய அரசு ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவிலும் பார்ப்பார்கள். சில நாளைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கிற மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். இந்த ஊசி சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் மூளையைக் காப்பாற்றுவது அதுதான். டாக்டரிடம் எவ்வளவு குடிப்பார் என்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். "எப்பவாவது சார்" என்று நம் ஆட்கள் சொல்கிற வழக்கம் இருக்கிறதே, அது இங்கே ஆபத்து. ராத்திரியில் வலிப்பு வந்தாலோ ஆள் குழம்பினாலோ 108.

அங்கிருந்து வெளியே வந்த அன்றைக்கோ மறுநாளோ கூட்டம். ஒரு வாரம் ரெஸ்ட் எடுக்கட்டும் என்று விடாதீர்கள். அந்த ஒரு வாரத்தில்தான் பழைய நண்பர்கள் உடம்பு விசாரிக்க வருவார்கள்.

நான் ஆட்டோ ஓட்டுகிறேன். படிப்பு ஐந்தாவது. தமிழ்தான் வரும், கன்னடம் பேசுவேன், இங்கிலீஷ் தெரியாது. கூட்டம் எல்லாம் சர்ச்சில் நடக்கிறது என்று சொல்கிறார்கள். நான் முருக பக்தன். அங்கே போனால் ஜெபம் பண்ணச் சொல்வார்களா? எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஸ்ரீராம்புரம் வாசகர்

அண்ணே, நீங்கள் கேட்டதுதான் எல்லாரும் கேட்டது, அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெங்களூரில் ஏஏ கூட்டம் தமிழிலும் நடக்கிறது, கன்னடத்திலும் இங்கிலீஷிலும் நடக்கிறது. சர்ச் ஹாலிலும் பள்ளிக்கூடத்திலும் நடக்கக் காரணம், சாயங்காலம் அந்த அறைகள் காலியாக இருக்கும், வாடகை குறைவு. அவ்வளவுதான். ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. குடியை விட்டு வாழ அது சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வரும், வராது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் "நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்றுதான் வரும். உங்களுக்கு அது முருகன். எங்கள் குழுவில் ஒரு பெரியவர், பழைய யூனியன்காரர், சாமியே கும்பிடாதவர், "எனக்குக் கடவுள் இந்தக் கூட்டம்தான்" என்று சொல்லிவிட்டு அதே பெஞ்சில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறார். யாரும் அவரைத் திருத்தப் போகவில்லை. முடிவில் எல்லாரும் எழுந்து நின்று ஒரு சின்னப் பிரார்த்தனை சொல்வார்கள், மனசு அமைதிக்கு. பிடிக்கவில்லையா, சும்மா நில்லுங்கள்.

கண்டுபிடிக்கிற வழி: ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டங்களும் உதவி எண்களும் இருக்கின்றன. உங்கள் பிள்ளையை ஃபோனில் தேடித் தரச் சொல்லுங்கள், அல்லது ஸ்டாண்டில் யாராவது பையனை. அந்த எண்ணை அடித்தால் எடுப்பது ஆபீஸ் பெண் இல்லை, பெரும்பாலும் உங்களை மாதிரி குடித்து, அப்புறம் குடியை விட்டவர் ஒருவர்தான். "தமிழ்க் கூட்டம் வேணும், ஸ்ரீராம்புரத்துக்குப் பக்கம் எங்க, என்னைக்கு, எத்தனை மணிக்கு, எந்த மாடி, எந்தக் கேட்" என்று கேளுங்கள். மாடியும் கேட்டும் கேட்கச் சொல்வது விளையாட்டுக்கில்லை. பெரிய போர்டெல்லாம் இருக்காது, ஏஏ என்று எழுதின ஒரு சின்ன அட்டை எங்கோ தொங்கும், இல்லாவிட்டால் அதுவும் கிடையாது. பழைய பட்டியலில் இருக்கிற இடம் மாறியும் இருக்கலாம், ஆகவே போவதற்கு முன் ஒரு ஃபோன். தேடி அலைந்து கிடைக்காமல் திரும்பினால் வழியில் பார் கிடைக்கும், அதற்குப் போர்டும் உண்டு லைட்டும் உண்டு. வாட்ச்மேனிடம் தயங்காமல் கேளுங்கள், அவருக்குத் தெரியும், அவர் ஆயிரம் பேரைப் பார்த்தவர். இதெல்லாம் எட்டாவிட்டால் 14416, டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், தமிழில் பேசலாம், காசு இல்லை. போதைக்கென்றே 14446 என்ற எண்ணும் இருக்கிறது.

உள்ளே போனால் என்ன? நான் முதல் தடவை போனது ஒரு பள்ளிக்கூடம். எதிர்ச் சாரியில் டீக்கடை. அங்கே நின்று மூன்று டீ குடித்தேன், கேட்டைப் பார்த்துக்கொண்டே. நான்காவது டீ கேட்டபோது பக்கத்தில் நின்றவர், சட்டையில் பேனா வைத்திருந்தார், "உள்ளேயும் டீ உண்டு சார், அது ஓசி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் பின்னாலேயே போனேன். மூன்றாம் வகுப்பு அறை. பெஞ்ச் எல்லாம் எட்டு வயசுப் பிள்ளைகளுக்கானது, முழங்கால் நெஞ்சைத் தொடுகிறது. கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு அழிக்காமல் இருந்தது, ஒன்றரை மணி நேரமும் நான் அதையேதான் படித்துக்கொண்டிருந்தேன், யார் முகத்தையும் பார்க்காமல் இருக்க. ஒருவர் எழுந்து பெயர் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார். எல்லாரும் அவர் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னார்கள். மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் தான் மண்டபத்துப் பின்னால் படுத்துக் கிடந்ததைச் சொன்னார். அழவில்லை, நடுவில் சிரிக்கவும் சிரித்தார், எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதையெல்லாம் இப்படி வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்று.

என்னைப் பேசச் சொன்னார்கள், வேண்டாம் என்று தலையாட்டினேன், அடுத்தவருக்குப் போய்விட்டார்கள். கையெழுத்து கிடையாது, ரிஜிஸ்டர் கிடையாது, கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை வரும், இருக்கிறவர்கள் பத்து இருபது போடுவார்கள், அறை வாடகைக்கும் டீக்கும். புதுசாக வந்தவர் போட வேண்டாம் என்று அவர்களே சொல்வார்கள். வெளியாள் பணம் கொடுத்தால் வாங்குவதும் இல்லை. சேருவதற்குத் தகுதி ஒன்றே ஒன்று, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, கவனியுங்கள்.

வைட்ஃபீல்டில் ஐடி வேலை. தினமும் குடிப்பதில்லை, வெள்ளி சனி மட்டும், ஆனால் ஆரம்பித்தால் ஞாயிறு மாலை வரை நினைவில்லை. டீமில் யாராவது என்னை அங்கே பார்த்துவிட்டால்? ஆன்லைனில் முடித்துக்கொள்ளலாமா?

அந்த அறையில் யாராவது உங்களைப் பார்த்தால் அவரும் அங்கேதான் இருக்கிறார் என்று அர்த்தம். நான் போன மூன்றாவது கூட்டத்தில், தொழிற்சாலையில் எனக்கு இரண்டு தடவை மெமோ கொடுத்த சூப்பர்வைசர் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து, உடனே இரண்டு பேரும் சுவரைப் பார்த்தோம். ஷாப் ஃப்ளோரில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும்தான். அங்கே கேட்டது அங்கேயே என்பதை நம் ஊர் ஆட்கள் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம், கல்யாண வீட்டில் உப்பு குறைந்ததைக்கூட நான்கு தெருவுக்குச் சொல்கிற ஜனம் நாம்.

ஆன்லைன் கூட்டம் நல்லதுதான், கொரோனாவுக்குப் பிறகு நிறைய வந்துவிட்டது, பெல்லந்தூர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருப்பவருக்கு அதை விட்டால் வழியில்லை. முதல் அடிக்கு அதை எடுங்கள். ஆனால் கேமராவை அணைத்துவிட்டு இன்னொரு ஜன்னலில் மெயில் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கும், எனக்குத் தெரியும். வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கூட்டம் கூச்சமாக இருந்தால் மெட்ரோவில் ஏறிப் பத்து ஸ்டேஷன் தள்ளிப் போங்கள். இங்கிலீஷ் கூட்டங்கள் நகரத்துக்குள் நிறைய உண்டு. எந்தக் கிழமை என்று கேட்டீர்களானால் வெள்ளிக்கிழமை. உங்களுக்கு வேறு எந்த நாளும் தேவையில்லை போலிருக்கிறதே.

"தினமும் குடிப்பதில்லை" என்பதை இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள், ஒரு தடவையை வெட்டிவிட்டேன்.

கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுத்தால் குடியை வெறுத்துவிடுவார் என்று ஒரு பொடி விற்கிறார்கள். மாத்திரையும் இருக்கிறதாமே?
— அல்சூர் வாசகி

வேண்டாம் தாயே. மாத்திரை இருப்பது உண்மை, டைசல்ஃபிரம் என்று பெயர். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். இதயத்தில் கோளாறு இருந்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்தின பிறகும் இரண்டு வாரம் வரை உடம்பில் வேலை செய்யும். அதனால்தான் டாக்டர்கள் ஈரலையும் இதயத்தையும் சோதித்துவிட்டு, நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடுதான் கொடுப்பார்கள். தெரிந்து சாப்பிட்டால் அது அவருக்கு ஒரு வேலி. தெரியாமல் கலந்தால் விஷம் வைத்த மாதிரி. விளம்பரப் பொடிகளில் என்ன இருக்கிறது என்பது விற்கிறவருக்கே தெரியுமோ தெரியாதோ.

அவர் வரமாட்டார் என்றால் நீங்கள் போங்கள். ஆல்-அனான் என்று குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே 1951லிருந்து ஒரு அமைப்பு இருக்கிறது. அங்கே அவரை எப்படித் திருத்துவது என்று சொல்லித் தரமாட்டார்கள், முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். சட்டைப் பையைத் துழாவுவது, பாட்டிலைக் கவிழ்ப்பது, ஆபீசுக்கு ஃபோன் போட்டு "காய்ச்சல்" என்று பொய் சொல்வது, இதையெல்லாம் நீங்கள் எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள், அது யாருக்கு உதவியது என்று பேசுவார்கள்.

நான் குடிக்கிறவள். பெண்களுக்கு அங்கே இடம் உண்டா?

உண்டு. ஆண்கள் நிறைய, பெண்கள் குறைவு, அதை மறைக்கவில்லை. உதவி எண்ணில் "பெண் உறுப்பினர் யாராவது என்னோடு பேசுவார்களா" என்று கேளுங்கள், பேச வைப்பார்கள். பெண்களுக்கு மட்டுமான கூட்டங்களும் ஆன்லைனில் நடக்கின்றன. கூட்டத்துக்குள் யாராவது ஆண் அளவுக்கு மீறி அக்கறை காட்டி நம்பர் கேட்டால் கொடுக்க வேண்டாம், மூத்த பெண் ஒருவரிடம் சொல்லுங்கள். எல்லா அறையிலும் எல்லாவிதமான ஆட்களும் இருப்பார்கள்.

தம்பியை ஒரு மறுவாழ்வு இல்லத்தில் மூன்று மாதத்துக்குச் சேர்க்கச் சொல்கிறார்கள். மாதம் பெரிய தொகை. வேனில் வந்து பிடித்துக்கொண்டு போவார்களாம். கூட்டமும் இதுவும் ஒன்றா?
— விவேக் நகர் வாசகர்

ஒன்றே இல்லை. கூட்டத்தில் யாரும் யாரையும் பிடித்துக்கொண்டு போவதில்லை, கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும். நல்ல மறுவாழ்வு இல்லங்களும் உண்டு, கட்டிப்போட்டு அடிக்கிற இடங்களும் உண்டு. என் சொந்தக்காரப் பையன் ஒருவன் அப்படி ஓர் இடத்திலிருந்து முதுகில் தழும்போடு வந்தான், வந்த அன்றைக்கே குடித்தான். 2017ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் மதுவால் வரும் மனநோயும் அடங்கும், நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. பதிவு உண்டா, டாக்டர் தினமும் வருகிறாரா, வீட்டார் பார்க்கவும் பேசவும் முடியுமா, மூன்றையும் கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்கு இழுத்தாலும் வேனை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஐந்து மாதம் கூட்டத்துக்குப் போனேன். ஆயுத பூஜை அன்றைக்கு ஸ்டாண்டில் எல்லா வண்டிக்கும் பூ போட்டு, பூசணிக்காய் உடைத்து முடித்ததும் ஒருவன் நீட்டினான், வாங்கிவிட்டேன். பத்து நாள் நிற்கவில்லை. இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?
— மர்பி டவுன் வாசகர்

இருக்கிற முகத்தோடு. அங்கே வேறு முகத்தோடு வந்தவர் யாரும் இல்லை.

நீங்கள் நினைப்பது என்ன என்று தெரியும். ஐந்து மாதம் கைதட்டினவர்கள் இப்போது "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள் என்று. நானும் ஏழாவது மாதம் விழுந்தவன். ஒரு மாதம் அந்தப் பள்ளிக்கூடத் தெரு வழியாகவே போகவில்லை, சுற்றிக்கொண்டு போனேன். கடைசியில் போனபோது டீ ஊற்றுகிறவர் கேட்டது, "சர்க்கரை போடவா?" அதைத் தவிர யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுந்து திரும்பக் குடித்துவிட்டேன் என்று சொன்னபோது அறையில் பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள், பரிதாபமாக இல்லை, நம்ம ஊர் பஸ் நம்பரைச் சொன்னால் ஆட்டுவோமே, அப்படி.

2020இல் காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஏஏ வழியில் சேர்த்துவிடப்பட்டவர்களில் ஒரு வருட முடிவில் முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 42 பேர், மற்ற சிகிச்சைகளில் 35 பேர். ஏஏதான் உயர்த்தி என்று காட்ட எங்கள் ஆட்கள் இதைச் சொல்வார்கள், சொல்லட்டும். நான் மீதி 58 பேரைப் பார்க்கிறேன். நீங்களும் நானும் அந்தப் பக்கம்தான் நின்றிருப்போம். எங்கள் அறையில் பழைய ஆட்கள் பாதிக்கு மேல் ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து ஆட்கள்.

ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். உங்களுக்கு ஸ்பான்சர் என்று ஒருவர் இருந்திருப்பார், மூத்தவர், ஃபோன் நம்பர் கொடுத்தவர். ஆயுத பூஜை அன்று அவருக்கு ஏன் ஃபோன் செய்யவில்லை என்று அவரிடமே போய்ப் பேசுங்கள். இந்த ஏஏ பிறந்ததே ஒரு ஃபோனில்தான். 1935 மே மாதம், பில் என்ற நியூயார்க் ஆள், பங்குச் சந்தைக்காரர், குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகிறது, ஆக்ரன் என்ற ஊருக்கு வியாபாரமாகப் போய், அது கவிழ்ந்து, ஓட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பார், உள்ளே சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிஃபோன். டைரக்டரியைப் பார்த்து ஊரிலிருந்த பாதிரியார்களுக்கு ஃபோன் போட்டு, "எனக்குப் பேச ஒரு குடிகாரன் வேண்டும்" என்று கேட்டார். அப்படித் தேடிக் கிடைத்தவர் டாக்டர் பாப், அறுவை சிகிச்சை நிபுணர், மகாக் குடிகாரர். கால் மணி நேரம் மட்டும் பேசுவேன் என்று உட்கார்ந்தவர் ஆறு மணி நேரம் பேசினார். அவரும் அப்புறம் ஒரு தடவை விழுந்தார், எழுந்தார். ஜூன் 10, அவர் கடைசியாகக் குடித்த நாள், அதைத்தான் ஏஏவின் பிறந்தநாளாக வைத்திருக்கிறார்கள். ஆரம்பித்தவரே விழுந்து எழுந்த இடத்தில் உங்களுக்கு முகம் கேட்கிறது.

அடுத்த ஆயுத பூஜைக்கு வண்டிக்குக் காலையிலேயே வீட்டு வாசலில் பூஜை போட்டுவிட்டு, ஸ்டாண்டுக்குப் போகாமல் சவாரிக்குப் போய்விடுங்கள். ஒரு நாள் வசூலும் ஆச்சு.

அவர் குடியை விட்டு எட்டு மாதம் ஆகிறது. சந்தோஷம்தான். ஆனால் தினமும் சாயங்காலம் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை புதுசாக வந்தவரைப் பார்க்க ஆஸ்பத்திரி, ராத்திரி பத்து மணிக்கு யாரோ ஃபோன். குடிக்கும்போதும் வீட்டில் இல்லை, இப்போதும் இல்லை. இதைச் சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை.
— ஃப்ரேசர் டவுன் வாசகி

இத்தனை கடிதத்தில் எனக்கு நேராக வந்து விழுந்தது இதுதான். என் வீட்டில் இதே வசனம், சொல் மாறாமல். "முன்னாடி பாருக்குத் தாரை வார்த்தேன், இப்போ பள்ளிக்கூடத்துக்கு" என்றாள். நான் பெரிய தியாகி மாதிரி, "உனக்காகத்தானே போகிறேன்" என்றேன். பொய். எனக்காகத்தான் போனேன், அங்கேதான் மூச்சு விட முடிந்தது. வீட்டில் ஒவ்வொரு சுவரும் பழைய கணக்கைக் கேட்டது.

நன்றி கெட்டவள் இல்லை நீங்கள். முதல் வருடம் கொஞ்சம் அப்படித்தான் ஓடும், தினம் ஒரு கூட்டம் என்பது அவருக்கு இப்போது மாத்திரை மாதிரி. ஆனால் மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டு மளிகையும் வாங்கலாம். வாரத்தில் எந்த இரண்டு சாயங்காலம் வீட்டுக்கு என்று உட்கார்ந்து பேசுங்கள், ஃபோன் எத்தனை மணிக்கு அணைப்பது என்றும். அவர் முறைத்தால் அவருடைய ஸ்பான்சரிடம் சொல்லுங்கள், மூத்தவர்கள் இதில் பெரும்பாலும் மனைவி பக்கம்தான் பேசுவார்கள்.

அப்புறம், எல்லாக் கூட்டமும் குடிநோயாளிகள் மட்டும் உட்காரும் மூடிய கூட்டம் இல்லை. திறந்த கூட்டம் என்று உண்டு, குடும்பத்தாரும் வரலாம். ஒரு வருடம் முடிந்தவருக்குப் பிறந்தநாள் மாதிரிக் கேக் வெட்டுவார்கள், அதற்கு வீட்டாரைக் கூப்பிடுவார்கள். எனக்கு நடந்தபோது என் மனைவி வந்தாள், பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, அந்த மூன்றாம் வகுப்பு பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். நான் எழுந்து பேசினேன், நான் செய்ததையெல்லாம் சொன்னேன், அவள் நகையை அடகு வைத்தது உட்பட. வீட்டுக்கு வரும் வழியில் அதைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று பயந்துகொண்டே வண்டி ஓட்டினேன். டேனரி ரோடு சிக்னல் வரை ஒன்றும் பேசவில்லை. சிக்னலில் கேட்டாள், "அங்க இருக்கிற ஆம்பளைங்க எல்லாரும் ஏன் டீயில இவ்வளவு சர்க்கரை போட்டுக்கிறாங்க?"

குடியை விட்ட உடம்பு கொஞ்ச காலம் இனிப்பைத் தேடும், வாசகியே, உங்கள் வீட்டிலும் சர்க்கரை டப்பா சீக்கிரம் காலியாகிக்கொண்டிருந்தால் அது அதனால்தான்.